கிருசிகாவைத் தேடிய அந்த மத்தியானம்

அம்மாளாச்சியை நம்பி வெள்ளிதோறும் இந்தக் கோயிலில் கூடுகிற உங்கள் எல்லோருக்கும் இதைச் சொல்லிவிட வேண்டும் என்று பல மாதங்களாக என் மனம் தவித்துக்கொண்டிருந்தது. நான் மாங்குளத்துக்கு உள்ளே இருக்கிற ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறேன். போன வருடம் என் நான்காம் வகுப்புக்குள் கால் வைக்கவே எனக்குப் பயமாக இருந்தது. காலையில் பஸ் ஏறும்போதே இன்றைக்கு என்ன நடக்குமோ என்று நினைப்பேன். ஒன்பது வயதுப் பிள்ளை ஒன்றுக்கு ஆசிரியை பயப்படுகிறாள் என்று யாரிடம் போய்ச் சொல்வது?

அந்தப் பிள்ளையின் பெயர் கிருசிகா. வருடத் தொடக்கத்தில்தான் தாயோடு எங்கள் ஊருக்குக் குடிவந்தவள். தாய் ஆடைத் தொழிற்சாலையில் வேலை. விடியப் போய்ப் பொழுதுபட்டுத்தான் வருவார். பிள்ளை சித்தி வீட்டில். நல்ல கெட்டிக்காரி, கணக்கை மனதிலேயே போடுவாள். ஆனால் எந்த நேரம் என்ன நடக்கும் என்று தெரியாது. திடீரென்று, தான் இருக்கிற வாங்கை உதைப்பாள். பக்கத்துப் பிள்ளையைக் கடிப்பாள். கையில் அகப்பட்டதை எறிவாள். கண்டித்துப் பார்த்தேன். முன்வரிசையில் இருத்தினேன். மடியில் வைத்துக் கதைத்தும் பார்த்தேன். இரண்டு நாள் அமைதியாக இருப்பாள், மூன்றாம் நாள் பழையபடி. மற்றப் பிள்ளைகள் அவளுக்குப் பக்கத்தில் இருக்க மறுத்தார்கள். நான் இடமாற்றத்துக்கு விண்ணப்பித்தேன்.

பள்ளியின் இரண்டாம் தவணையில் ஒரு நாள் வகுப்பின் பின்பக்கம் வாங்கு ஒன்று பெரிய சத்தத்தோடு சரிந்து விழுந்தது. அடுத்த கணம் கிருசிகாவின் தண்ணீர்ப் போத்தல் பறந்தது. இரும்புப் போத்தல். அது அபிசா என்ற பிள்ளையின் நெற்றியில் பட்டது. வெள்ளைச் சட்டை முழுக்க இரத்தம். அதிபர் அபிசாவை ஓட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினார். தையல் போட்டார்கள். கண்ணுக்கு ஒன்றும் இல்லை என்று சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

மறுநாள் காலை அபிசாவின் அம்மா அதிபரின் அறைக்கு வந்து அழுது கத்தினார்.

"ஒண்டில் அந்தப் பிள்ளை இஞ்சை இருக்கோணும், இல்லாட்டி என்ர பிள்ளை. கொஞ்சம் பிசகியிருந்தா என்ர பிள்ளையின்ர கண் போயிருக்கும் சேர்!"

அவர் சொன்னதில் என்ன பிழை? என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. அவரைச் சமாளித்து அனுப்பிய அதிபர், "இனி அந்தப் பிள்ளைக்கு நான் வேறை பள்ளிக்கூடம் பாக்கோணும் ரீச்சர்" என்றார். வகுப்புக்குத் திரும்பினேன். கிருசிகா அபிசா இல்லாத வெறும் இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இடைவேளை முடிந்து பிள்ளைகள் வந்தார்கள். கிருசிகா வரவில்லை.

மலசலகூடம், மேடைக்குப் பின்பக்கம், கிணற்றடி எல்லாம் தேடினோம். சித்தி வீட்டிலும் இல்லை. அதிபர் மோட்டார் சைக்கிளில் பெரிய றோட்டுப் பக்கம் போனார். லொறிகள் பறக்கிற றோட்டு அது. நான் வாய்க்கால் கரையால் குளத்தை நோக்கி ஓடினேன். முந்தின கிழமைதான் அந்தப் பக்கம் யானை வந்து வாழைகளை முறித்துப் போட்டிருந்தது. அவளின் பெயரைச் சொல்லிக் கத்திக் கத்திக் குரல் அடைத்துவிட்டது. குளக்கட்டில் ஏறித் தண்ணீரைப் பார்த்தேன். அசைவே இல்லை. சுடுமண்ணில் அப்படியே இருந்துவிட்டேன்.

"அம்மாளாச்சி, என்னாலை ஏலாது. அந்தப் பிள்ளையை உயிரோடை தா. நான் எங்கையும் போகமாட்டன், அவளோடையே நிக்கிறன்." வாய்விட்டுச் சொன்னேன். பிறகு அழுதேன்.

எழும்பித் தண்ணீரோரமாய் அலைகரைப் பக்கம் நடக்கத் தொடங்கினேன். தொலைபேசி அடித்தது. அபிசாவின் அம்மா.

"ரீச்சர், அந்தப் பிள்ளை எங்கட வீட்டிலை நிக்குது. ஓடி வாங்கோ."

அந்தக் கோபத்தில் பிள்ளையை என்ன செய்திருப்பாரோ என்றுதான் முதலில் நினைத்தேன். போனபோது அவர் வாசல் படலையடியில் நின்றார். கண் சிவந்திருந்தது.

"அவளைக் கண்டவுடனை எனக்குப் பத்திக்கொண்டு வந்தது ரீச்சர். துரத்தத்தான் போனனான். அவள் என்னைப் பாத்து, 'அன்ரி, அபிசா செத்துப் போச்சா?' எண்டு கேட்டாள். கையிலை பிடிச்சு உள்ளை கூட்டிக்கொண்டு போனன்."

உள்ளே பாயில் இரண்டு பிள்ளைகளும் இருந்தார்கள். அபிசா தன் நெற்றிப் பிளாஸ்டரைத் தொட்டுக் காட்டிக்கொண்டிருந்தாள். கிருசிகா அவளின் சட்டை நுனியை இறுக்கிப் பிடித்திருந்தாள். முன்னால் வைத்த புட்டு தொடப்படாமல் கிடந்தது.

அன்று பின்னேரம் கிருசிகாவின் தாய் வேலையால் நேரே அங்கே வந்தார். அப்போதுதான் எங்களுக்கு விசயம் தெரிந்தது. முன்பு இருந்த ஊரில் கிருசிகாவின் தகப்பன் ஓட்டிய உழவு இயந்திரம் அவளின் கண்ணுக்கு முன்னாலேயே புரண்டிருக்கிறது. அவரின் நெற்றியெல்லாம் இரத்தம். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சுகமாகி வந்துவிடுவார் என்று பிள்ளைக்குச் சொல்லியிருக்கிறார்கள். அவர் வரவில்லை.

"அதுக்குப் பிறகு பெரிய சத்தம் கேட்டா இவள் இப்பிடித்தான் ரீச்சர். சொன்னா இந்தப் பள்ளிக்கூடத்திலையும் சேக்கமாட்டினம் எண்டு பயந்து நான் சொல்லேல்லை."

அபிசாவின் அம்மா எழும்பிப் போய்த் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்து அந்தத் தாயின் கையில் கொடுத்தார்.

மறுநாள் அபிசாவின் அம்மா திரும்பவும் அதிபரிடம் வந்தார். "அந்தப் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தாலை விலத்த வேண்டாம் சேர். இப்போதைக்கு என்ர பிள்ளைக்குப் பக்கத்திலை மட்டும் இருத்தாதேங்கோ. என்ன செய்யலாமெண்டு எல்லாருமாச் சேந்து யோசிப்பம்."

இதைத்தான் நான் அம்மாளாச்சியின் பதில் என்கிறேன். நான் பிள்ளையைத்தான் கேட்டேன். அவள் பிள்ளையையும் தந்து, கூட நிற்க ஆட்களையும் தந்தாள்.

எல்லாம் ஒரே நாளில் மாறிவிடவில்லை. கல்வி வலயத்திலிருந்து உளவளத்துணை ஆசிரியர் வந்து பார்க்கவே பல கிழமைகள் எடுத்தன. அவர் சொன்னபடி கிருசிகாவுக்குக் கதவோரமாக இடம் கொடுத்தோம். வாங்கு நகர்த்துவதென்றால் முதலில் அவளிடம் சொல்லிவிட்டுத்தான் நகர்த்துவோம். பயம் வந்தால் கை உயர்த்திவிட்டு வெளியே வேப்பமரத்தடியில் போய் நிற்கலாம். நான் ஏன் என்று கேட்கமாட்டேன். மூன்றாம் தவணையில் ஒரு நாள் என் கையைக் கடித்தாள். தழும்பு இன்னும் இருக்கிறது. அன்று பின்னேரம் இந்தக் கோயிலில் நின்று நான் அழுததை உங்களில் சிலர் கண்டிருப்பீர்கள். ஆனால் இடமாற்றம் வேண்டாம் என்று அதற்கு முன்பே அதிபரிடம் சொல்லிவிட்டேன்.

இப்போது அவள் ஐந்தாம் வகுப்பு. அதே பிள்ளைகளோடு நானும் மேலே போயிருக்கிறேன். இந்தத் தவணை இதுவரை யாருக்கும் காயம் இல்லை. நாளைக்கு என்ன நடக்கும் என்று தெரியாது. பஸ்சில் போகும்போது இன்றும் அந்தப் பயம் வரும். அப்போது அவளின் பெயரைச் சொல்லி அம்மாளாச்சியைக் கூப்பிடுவேன். உங்கள் வீட்டிலோ வகுப்பிலோ, எல்லோரும் கைவிட நினைக்கிற ஒரு பிள்ளை இருந்தால், நீங்களும் அந்தப் பெயரைச் சொல்லி அம்மாளாச்சியிடம் கேளுங்கள். வெட்கப்படாமல் கேளுங்கள். கேட்டுவிட்டு அந்தப் பிள்ளையோடு நில்லுங்கள். போன கிழமை கிருசிகா மரத்தடியில் நின்றபோது, நான் அனுப்பாமலே ஒரு பிள்ளை எழும்பிப் போய் அவளுக்குப் பக்கத்தில் நின்றது. அது அபிசா.