ஐம்பத்தொரு கிலோவுக்கு ஒரு டயர்

1961 டிசம்பர் 9, சனிக்கிழமை. ஐந்தே காலுக்கு எழுந்தேன். பால் காய்ச்சிக் காபி போட்டேன். ஓர் ஆளுக்கு டிகாக்‌ஷன் இறக்க எனக்கு அளவு பிடிபடவே இல்லை. அன்றும் அரை டம்ளர் மிஞ்சியது. ஆறு மணிக்குக் குளியல். ஆறே முக்காலுக்குத் தெருமுனைக் கடையில் நான்கு இட்லி. ஏழு மணிக்கு மோட்டார் சைக்கிளை வாசலுக்கு இறக்கி, வழக்கம்போல் பின்சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்த்தேன். டயரின் நடுவில் ஒரு சாண் நீளத்துக்கு நூல் வெளியே தெரிந்தது. நாட்குறிப்பில் இவ்வளவும் இந்த வரிசையில்தான் இருக்கிறது.

நான் அப்போது எடை அளவை ஆய்வாளன். படியும் சேரும் போய்க் கிலோ வந்துகொண்டிருந்த காலம். புதுக்கோட்டையில் வீடு, சந்தை எங்கே கூடுகிறதோ அங்கே வேலை. சரிபார்க்கும் எடைக்கற்கள் அடங்கிய மரப்பெட்டியைப் பின்னிருக்கையில் கட்டிக்கொண்டு செம்மண் சரளையில் மாதம் அறுநூறு மைல் ஓடுவேன். விடுமுறை நாட்களில் பெட்டி இருக்கிற இடத்தில் என் மனைவி இருப்பாள். திருவரங்குளம் கோயிலுக்குப் போவோம். சில நாள் சும்மாவே சித்தன்னவாசல் வரை போய்த் திரும்புவோம். வழியில் இருக்கிற கடைக்காரர்களுக்கு இது அத்துப்படி. பின்னால் அம்மா இருந்தால் கோயில், பெட்டி இருந்தால் சோதனை. வண்டியின் முன்பக்கத்தை யாரும் பார்ப்பதில்லை.

அந்த வருஷம் ஜனவரியில், நாக்பூரில் இருந்த எங்கள் மகளின் பிரசவத்துக்காக என் மனைவி ரயில் ஏறினாள். மூன்று மாதம் என்று பேச்சு. பிறகு, கோடை கழியட்டும் என்று கடிதம் வந்தது. பிறகு தீபாவளி. அந்த வாரம் வியாழக்கிழமை வந்த கடிதத்தில், பேரனுக்குக் காது குத்தித் தை கழித்து வருவதாக எழுதியிருந்தாள்.

எட்டு மணிக்குக் கீழராஜ வீதிக்குப் பின்னால் இருந்த பட்டறைக்கு வண்டியை மெதுவாக ஓட்டிக்கொண்டு போனேன். மெக்கானிக் குனிந்து டயரைப் பார்த்தார்.

“இது டயரா சார், முட்டை ஓடா? இதுல எப்படி வந்தீங்க?”

உள்ளே போய் இரண்டு டயர்களை உருட்டிக்கொண்டு வந்து சுவரில் சாய்த்தார்.

“திருச்சியிலேருந்து நேத்துத்தான் வந்துச்சு. ரெண்டும் ஒங்க வீலுக்கு உக்காரும். இது ஒங்க பழசு மாதிரி, தோளு உருண்டை. அது பட்டை. பக்கவண்டி, அதான் சைடுகார், கட்டி ஓட்டுறவங்களுக்காகச் செஞ்சது.”

நான் அடிக்கோலை எடுத்து அளந்தேன். உருண்டை மூன்றேகால் அங்குலம், பட்டை மூன்றரை. அகலத்தில் கால் அங்குலம்தான் வித்தியாசம். ஆனால் தரையில் நிறுத்திப் பார்த்தால் உருண்டை நடுவில் ஒரு விரல் அகலமே பதிந்தது. பட்டை மேசைக்கால்போல முழுதாக உட்கார்ந்தது. இரண்டையும் குறித்துக்கொண்டேன்.

“ஒத்தை ஆளுன்னா உருண்டைதான் சார் சுகம். வளைவுல நீங்க சாஞ்சா அதுவும் சாயும். பட்டை அப்படி இல்ல, நேராத்தான் போவேன்னு அடம் பிடிக்கும். ஆனா பின்னாடி பாரம் இருந்துட்டா அசையாது. சரளையில ரெண்டு மடங்கு நாள் ஒழைக்கும்.” பழைய டயரைக் கழற்றிக்கொண்டே கேட்டார்: “பின்னாடி எம்புட்டு வெயிட்டு வரும்?”

“அம்பத்தோரு கிலோ.”

அவர் கை நின்றது. “பெட்டி அம்புட்டு இருக்காதே சார். போன தடவ நான்தானே தூக்கி வச்சேன். இருவது கூட வராது.”

பெஞ்சில் டீ குடித்துக்கொண்டிருந்த லாரி டிரைவர் சிரித்தார். “பெட்டிக் கணக்கை யாருண்ணே சொன்னா? அம்மா வந்துட்டாங்க போல.”

“வந்துட்டாங்களா சார்?”

“இல்ல. தை கழிச்சு வாரேன்னு எழுதியிருக்கா.”

“போன தடவ தீபாவளின்னீங்க.”

“ஆமா.”

“நீங்க வரச் சொல்லி எழுதுனீங்களா?”

“எழுதாம என்ன? மாசம் ரெண்டு கடுதாசி போகுது.”

“கடுதாசி போகும் சார். வான்னு எழுதுனீங்களான்னு கேட்டேன்.”

“சார் எடைக்கல்லுக்கு முத்திரை அடிக்கத்தான் தெரிஞ்சவரு,” என்றார் டிரைவர். “அவரைப் போட்டு இந்தக் கேள்வியெல்லாம் கேக்குறீங்களே.”

அந்த ஐம்பத்தொன்று எனக்கு யோசிக்காமல் வந்த எண். கிலோ வந்த புதிதில், ஓர் அரிசி மில்லில் மேடைத் தராசைச் சோதித்தபோது அவளையும் ஏறி நிற்கச் சொன்னேன். “மூட்டையோட மூட்டையா என்னையும் ஏத்திட்டீங்களா?” என்று அவள் கேட்க, மில்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். அன்றைய குறிப்பில் தராசின் பிழையும் இருக்கிறது, அவள் எடையும் இருக்கிறது.

“பட்டையைப் போடுங்க,” என்றேன்.

“ஒத்தையில சிரமமா இருக்கும் சார். ரோட்டுல ஓடிட்டா அப்பறம் மாத்தித் தர முடியாது. பெறகு என்னைத் திட்டப்படாது.”

“போடுங்க.”

பெட்டியைக் கட்டிக்கொண்டு கறம்பக்குடிக்குக் கிளம்பினேன். நேர்ச் சாலையில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. திருவரங்குளம் தாண்டி முதல் வளைவில் உடம்பைச் சாய்த்தேன், வண்டி சாயவில்லை. கைப்பிடியைப் பலமாகத் தள்ளியபோது சட்டென்று டயரின் விளிம்பில் ஏறி நின்றது. சாலையோரச் சரளையில் இறங்கித்தான் நிறுத்த முடிந்தது. விழவில்லை. பெட்டியை அவிழ்த்து, இருக்கையின் நடுவுக்குத் தள்ளி, அவள் உட்காரும் இடத்தில் சரியாக வைத்துக் கட்டினேன். அடுத்த வளைவிலும் அப்படியே. பத்தொன்பது கிலோ போதவில்லை. சந்தைக்குள் நுழைந்தபோது பெட்டியைப் பார்த்து இரண்டு தராசுகள் சாக்குக்குள் போயின. பதினொரு மாதமாகவே என்னைக் கண்டால் அவை சாக்குக்குள்தான் போகின்றன.

ஐந்தரைக்கு வீடு திரும்பினேன். நான் எழுதும் கடிதங்களுக்குப் பிரதி எடுத்து வைப்பது வழக்கம். விளக்கேற்றி அந்தப் பிரதிக் கட்டை எடுத்து முதலிலிருந்து படித்தேன். இருபத்திரண்டு கடிதங்கள். எல்லாமே மாப்பிள்ளைக்கு எழுதியவை. பெண்ணைக் கொடுத்த வீட்டுக்கு எழுதும்போது மாப்பிள்ளை பெயருக்குத்தான் எழுத வேண்டும். அங்கே போயிருக்கிற என் மனைவியைத் திருப்பி அனுப்பும்படி கேட்டால், அங்கே அவளுக்கு ஏதோ மனக்கசப்பு என்று நினைத்துவிடுவார்கள். ஆகவே அவள் பெயர் ஒரு கடிதத்திலும் இல்லை. ‘அங்குள்ள எல்லோருடைய நலமும் அறிய ஆவல்’ என்பதில் அந்த எல்லோரில் ஒருத்தியாக அவள் இருந்தாள். மகள் எழுதும் கடிதத்தின் அடியில் என் மனைவி இரண்டு வரி எழுதுவாள்: உங்களுக்குச் சாப்பாடு ஒழுங்காக நடக்கிறதா, சிரமம் ஏதும் உண்டா? அதற்கு மாப்பிள்ளை மூலமாக நான் பதில் எழுதியிருந்தேன்: இங்கு ஒரு குறையும் இல்லை. எண்ணிப் பார்த்தேன். இருபத்திரண்டில் பத்தொன்பது கடிதங்களில் அந்த வரி இருந்தது. மீதி மூன்றில் ‘சௌகரியமாக இருக்கிறேன்’ என்று இருந்தது. இதைப் படிக்கிறவள் எதற்குக் கிளம்பி வருவாள்?

தாளை எடுத்தேன். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் அவளுக்கு நான் கடிதம் எழுதியதே இல்லை. அவளை எழுத்தில் எப்படி விளிப்பது என்று தெரியவில்லை. வீட்டில் அவளை ‘இந்தா’ என்று கூப்பிடுவேன். அதை எழுத முடியாது. விளிப்பை விட்டுவிட்டுத் தொடங்கினேன். பழக்கத்தில் கை ‘இங்கு ஒரு குறையும்’ வரைக்கும் ஓடிவிட்டது. தாளைக் கிழித்தேன். இரண்டாவது தாளில், காபி தினமும் மிஞ்சுகிறது, பின்சக்கரத்துக்குப் பட்டை டயர் போட்டிருக்கிறேன், ஒற்றை ஆளாக அதை வளைவில் திருப்ப முடியவில்லை என்று எழுதினேன். கீழே, காதுகுத்துக்கு நானே வந்து உன்னை அழைத்துக்கொண்டு வரட்டுமா, அல்லது அதற்கு முன்பே வருகிறாயா என்று கேட்டேன். உறையில் மாப்பிள்ளை வீட்டு விலாசத்துக்கு மேலே அவள் பெயரை எழுதினேன். மாப்பிள்ளை என்ன நினைப்பார் என்று யோசித்துக்கொண்டே உறையை ஒட்டினேன். இந்தக் கடிதத்துக்குப் பிரதி எடுக்கவில்லை.

டிசம்பர் 10, ஞாயிறு. எழுந்ததும் அடுப்புப் பற்றவைக்கவில்லை. சட்டையைப் போட்டுக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமையிலும் தபால் எடுக்கும் ரயில் நிலையத்துக்கு நடந்துபோய், அங்கே இருந்த தபால் பெட்டியில் கடிதத்தைப் போட்டேன்.