இடக்கையால் வாங்குகிறவர்

இரத்தினவேல் தேநீர்க் கோப்பையை இடக்கையால் எடுத்து, இடக்கையாலேயே குடித்து, இடக்கையாலேயே திருப்பி வைக்கிறார். வலக்கை இடுப்பருகே சும்மா தொங்குகிறது. சும்மா என்று எழுதுவது சரியல்ல. முழங்கை விலாவோடு ஒட்டியிருக்கிறது, காற்றுக்கு வேட்டி பறக்காமல் அமத்திப் பிடிப்பவரைப் போல. அவர் இடக்கைக்காரர் அல்லர். கையெழுத்தும் சோறும் வலக்கையால்தான். சாப்பிட்டுக் கழுவியதும் அந்தக் கை பழைய இடத்துக்குப் போய்விடும்.

ரொறன்ரோவின் கிழக்கு ஓரத்து ரூஜில், நான் தங்கியிருக்கும் என் மகள் வீட்டுக்கு அடுத்த வீடு அவருடையது. பனி வழிப்பதற்கு மட்டும் இரண்டு கையும் வேண்டியிருக்கிறது. நாலைந்து முறை அள்ளிவிட்டு மண்வெட்டியைச் சாய்த்துவைத்து, வலது இடுப்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு மறுபடி அள்ளுவார். தொட்ட இடத்தில் ஒன்றும் இருக்காது. அதற்குப் பிறகும் முகத்தில் ஆறுதல் வராது.

கடைகளிலும் வங்கிகளிலும் பணப்பைகளை ஏற்றிச் செல்லும் இரும்பு வண்டிகளை ரொறன்ரோவில் எல்லாரும் கண்டிருப்போம். அப்படி ஒரு வண்டியில் காவலராக இருந்தார். வயது நாற்பத்திரண்டு. ஒல்லி. சீருடைக்குள் குண்டு துளைக்காத சட்டை போட்டால் மட்டும் கொஞ்சம் உடம்பு வந்ததுபோல் தெரியும். காலையில் மிசிசாகாவிலுள்ள டிப்போவுக்குக் காரில் போய், பெட்டகத்திலிருந்து ரிவோல்வரை வாங்கி இடுப்பு உறையில் போட்டு, அழுத்துப் பொத்தானைப் பூட்டிக்கொண்டு வண்டியில் ஏறுவார். மாலையில் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருவார்.

இந்நாட்டில் சாதாரண ஒருவர் கைத்துப்பாக்கியை இடுப்பில் செருகிக்கொண்டு தெருவில் நடக்க முடியாது. கடைக்காரர் தம்முடைய கடைக்குள்ளேயே அப்படி நிற்க முடியாது. பொலிசாருக்கு முடியும். அவர்களுக்கு அடுத்தபடி, இரத்தினவேலைப் போன்ற சிலருக்குத் தனி அனுமதி உண்டு. அதுவும் வேலை நேரத்துக்கு மட்டும், சீருடையோடு மட்டும். இதையெல்லாம் அவரே எனக்கு விளங்கப்படுத்தினார். நூலகத்தில் சட்டத்தைப் பார்த்தேன். அவர் சொன்னதில் ஒரு பிசகும் இல்லை.

பயிற்சியில் முதலில் சொல்லிக் கொடுத்தது துப்பாக்கிக் கை வெறுங்கையாக இருக்க வேண்டும் என்பதை. பணப்பை, கதவுப் பிடி, பேனா, கோப்பி எல்லாம் மற்றக் கைக்கு. வெள்ளைக்காரருக்கும் போர்த்துக்கீசருக்கும் இதில் ஒரு தொல்லையும் இல்லை. நம்மவருக்கு உண்டு. துப்பாக்கி இல்லாத நேரத்திலும், கோயிலில் குருக்கள் திருநீறு கொடுக்க வந்தால் நீளுவது இடக்கை. குருக்கள் அவர் முகத்தைப் பார்ப்பார். இவர் உடனே கையை மாற்றுவார். மாற்றும்போது வலது இடுப்பைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வார். ரொறன்ரோவின் பார்க்டேல் பகுதியில் இருக்கும் பெரியம்மா ஒருமுறை பலகாரத் தட்டை நீட்டியவர், அப்படியே பின்னுக்கு இழுத்துக்கொண்டார். "என்னடா, பெரிய ஆளாயிட்டியோ? இடக்கையால வாங்கிறாய்?" இவர் சிரித்து மழுப்பினார். வேலை நேரத்தில் இடுப்பில் என்ன இருக்கும் என்று பெரியம்மாவுக்குச் சொல்லியிருக்கவில்லை. தொழிற்சாலை வேலை என்றுதான் அவருக்குத் தெரியும்.

யாழ்ப்பாணத்தில் துப்பாக்கியோடு சிப்பாய்கள் நிற்கும் காவலரண் வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி உருட்டிக்கொண்டு கடக்க வேண்டியிருந்த காலத்தை அறிந்தவர் அவர். "அங்கை துவக்கோட நிக்கிறவனைக் கண்டா நாங்கள் இறங்கி நடந்தம். இஞ்சை என்னைக் கண்டா சனம் ஒதுங்கி நடக்குது. இரண்டும் எனக்கு ஒரு மாதிரித்தான் இருக்கு ஐயா" என்றார் ஒருநாள், வேலிக்கு அந்தப் பக்கம் நின்று. அப்படியானால் ஏன் இந்த வேலை என்று கேட்டேன். கடனில் வாங்கிய வீட்டைத் திரும்பிப் பார்த்தார்.

வண்டி நகரின் மேற்குப் பக்கத்தில் ஓடியவரைக்கும் பயம் அவர் பிடிக்குள் இருந்தது. கடந்த மாரிக் குளிரில், தமிழ் தெரிந்தவர் என்பதற்காகவே, தமிழர் அதிகம் வாழும் ஸ்காபரோப் பக்கம் மாற்றிவிட்டார்கள். மேலாளர் அதை ஒரு மரியாதையாக நினைத்துச் செய்திருக்கிறார். இவர் பழைய பாதையைத் திருப்பிக் கேட்டார், கிடைக்கவில்லை. அந்த வாரம் அவர் என்னிடம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"களவெடுக்க வாறவனுக்கு நான் பயமில்லை. அவன் எங்கட பெடியனாய் இருந்திடுவானோ எண்டுதான் பயம். அண்ணை எண்டு கூப்பிட்டானெண்டா என்ர கை என்ன செய்யும்?"

புதிய பாதையில் ஒரு நிறுத்தம் புனிதவதியின் பலசரக்குக் கடை. பெரிய கடை, மரவள்ளிக்கிழங்கு முதல் மணவறைச் சோடனை வரை கிடைக்கும். பக்கத்துத் தெருவில் ஒரு கடையைத் துப்பாக்கி காட்டிக் கொள்ளையடித்த பிறகு, சில கடைக்காரர்கள் தங்களுக்கும் துப்பாக்கி வைத்திருக்க அனுமதி வேண்டும் என்று பேசத் தொடங்கினார்கள். புனிதவதி அந்தப் பேச்சில் சேரவில்லை. ஒரு மட்டையில் "துவக்கோடு உள்ளே வர வேண்டாம்" என்று தடித்த எழுத்தில் தமிழில் மட்டும் எழுதிக் கதவுக் கண்ணாடியில் தொங்கவிட்டார். களவெடுக்க வருகிறவன் வாசித்துவிட்டுத் திரும்பிப் போவானோ என்று கேலி செய்தார்கள். "வாசிக்கட்டும்" என்றார் அவர். "தமிழ் தெரிஞ்சவனெண்டா வெக்கத்துக்காவது ஒரு நிமிசம் நிப்பான்."

முதல் நாள் அந்த மட்டையை வாசித்துவிட்டு நின்றது இரத்தினவேல்தான். சீருடையோடு, பனிக்குள், கதவுக்கு வெளியே. வண்டிக்குள் இருந்த சாரதி ஏதோ ஆபத்தென்று எண்ணி ஹோர்னை அடித்தார். புனிதவதி வந்து மட்டையை மறுபக்கம் திருப்பிவிட்டு உள்ளே விட்டார். அதற்குப் பிறகு அதுவே வழக்கமாயிற்று. இவர் வரும்போது மட்டை திரும்பும். போனதும் மறுபடி எழுத்துப் பக்கம் வெளியே வரும்.

இந்த ஆண்டு தை மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், பின்னேரம், நானும் அந்தக் கடையில் இருந்தேன். கிழங்கு பொறுக்கிக்கொண்டிருந்தேன். இரத்தினவேல் உள்ளறையிலிருந்து பணப்பையை இடக்கையில் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார். அரிசி மூட்டைகளுக்குப் பின்னாலிருந்து தடித்த கோட்டும் தலைமூடியும் போட்ட ஒருவர் வேகமாக வந்தார். "டேய் வேலு!" என்று கூப்பிட்டபடி வலக்கையைக் கோட்டின் உள்பைக்குள் விட்டார்.

இரத்தினவேல் துப்பாக்கியை எடுத்துவிட்டார் என்று இன்றைக்கும் சிலர் பேசுகிறார்கள். அது தவறு. எடுக்கவில்லை. முதுகைச் சுவரில் கொடுத்தார். வலக்கைப் பெருவிரல் உறையின் பொத்தானைத் திறந்தது. கை பிடியின்மேல் போய் நின்றது. அவ்வளவுதான் நடந்தது. பொத்தான் திறந்த சத்தம் சின்னச் சத்தம், ஆனாலும் கடை முழுவதும் நின்றுவிட்டது. காசுமேசையில் புனிதவதியின் கை தராசுத் தட்டிலேயே இருந்தது. எனக்கு முன்னால் நின்ற ஒரு தாய், கையிலிருந்த கீரைக்கட்டோடு இரண்டு கைகளையும் தலைக்கு மேலே உயர்த்திவிட்டார். அவரை யாரும் உயர்த்தச் சொல்லவில்லை.

கோட்டுக்குள்ளிருந்து வந்தது மூலையில் மஞ்சள் தடவிய கலியாண அழைப்பிதழ். தலைமூடி பின்னால் விழுந்தது. ஜெயரட்ணம். பார்க்டேலுக்கு வந்த புதிதில் இரத்தினவேலோடு ஓர் அறையில் பாய் போட்டுப் படுத்தவர். மூத்த மகளின் கலியாணத்துக்கு அழைப்புக் காட் கொடுத்துத் திரிகிறவர், கண்ட இடத்தில் நண்பனைக் கண்ட சந்தோசத்தில் பைக்குள் கை விட்டிருக்கிறார்.

"மகளுக்கடா" என்றார்.

இரத்தினவேல் பணப்பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, இடக்கை விரல்களால் அழைப்பிதழை வாங்கினார். வலக்கை பிடியை விட்டு வரவில்லை. விடச் சொல்லித் தாம் சொன்னதாகவும் கை கேட்கவில்லை என்றும் பிறகு சொன்னார். ஜெயரட்ணம் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு பின்னுக்கு நடந்து, திரும்பாமலே கதவைத் தாண்டிப் போனார்.

கதவடியில் புனிதவதி இரத்தினவேலிடம் சொன்னது எனக்குக் கேட்டது. "தம்பி, உம்மில எனக்குக் கோவமில்லை. ஆனா இனி உந்தத் துவக்கோட உள்ளை வராதையும்." அனுமதி பெற்ற காவலரையும் தம் கடைக்குள் வரவேண்டாம் என்று சொல்லக் கடைக்காரருக்கு உரிமை உண்டு. இரத்தினவேல் ஓம் என்று தலையாட்டினார். மட்டை எழுத்துப் பக்கத்துக்குத் திரும்பியது.

அன்றைக்கே மேலாளரிடம் போய், ஆயுதமில்லாத ஒருவரை நோக்கி உறையைத் திறந்தேன் என்று தாமாகவே சொன்னார். அனுமதியைப் பறிப்பார்கள், வேலை போகும் என்று மனைவி இராஜேஸ்வரி சுவாமி அறையை விட்டு வரவில்லை. மேலாளர் முழுவதையும் கேட்டார். துப்பாக்கி உறையை விட்டு வரவில்லை, ஒருவருக்கும் காயமில்லை, பழக்கியபடியே செய்திருக்கிறாய் என்று தோளில் தட்டி அனுப்பினார்.

மறுநாள் காலை பனி வழிக்கும்போது இரத்தினவேல் என் பக்கம் வந்தார். முகம் கறுத்திருந்தது.

"பிழை இல்லையாம் ஐயா."

"நல்லதுதானே."

"அதுதான் பயமாய்க் கிடக்கு. அவன் கலியாணக் காட்டை எடுக்க இன்னும் கொஞ்சம் சுணங்கியிருந்தா? அதுக்கும் பிழை இல்லையெண்டுதானே சொல்லியிருப்பினம்."

திங்கட்கிழமை அனுமதி அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார். இப்போது ஒரு பாண் சுடும் தொழிற்சாலையில் தட்டு இழுக்கிறார். சம்பளம் குறைவு, இராஜேஸ்வரி சனிக்கிழமைகளிலும் வேலைக்குப் போகிறார். தட்டு இழுக்க இரண்டு கையும் வேண்டும். அடுப்பின் சூடு நல்லது என்கிறார், கை கொஞ்சம் இளகுகிறதாம். வீட்டுக்கு வந்ததும் அது மறுபடி விலாவோடு போய் ஒட்டிக்கொள்கிறது. அவர் பின்னால் போய்க் கூப்பிட வேண்டாம் என்று இராஜேஸ்வரி எல்லாருக்கும் சொல்லி வைத்திருக்கிறார். முன்னுக்கு வந்துதான் பேச வேண்டும். நானும் அப்படித்தான் செய்கிறேன்.

அழைப்பிதழ் சுவாமிப் படத்தின் கீழே பிரிக்காமல் கிடந்தது. போகலாமா என்று கேட்டு ஜெயரட்ணத்துக்கு ரெலிபோன் எடுக்க இவருக்குத் துணிவில்லை. அந்தப் பக்கமிருந்தும் ஒரு சத்தமும் இல்லை. பத்து ஆண்டுப் பழக்கம் ஒரு பொத்தானோடு போய்விட்டதென்றுதான் இராஜேஸ்வரி நினைத்தார். நானும் நினைத்தேன்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை நான் அங்கே தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது வாசலில் ஒரு கார் வந்து நின்றது. ஜெயரட்ணமும் மனைவியும் இறங்கினார்கள். கடுங்குளிர், ஆனாலும் அவருடைய கோட்டின் பொத்தான்கள் எல்லாம் திறந்திருந்தன. புதிய அழைப்பிதழ் ஒன்றைக் காரிலிருந்து இறங்கும்போதே நெஞ்சுக்கு நேரே உயர்த்திப் பிடித்திருந்தார். மற்றக் கையை உடம்பிலிருந்து விலக்கி விரித்து வைத்துக்கொண்டு நடைபாதையில் மெதுவாக வந்தார். குங்குமச் சிமிழோடு மனைவி சற்றுப் பின்னால் வந்தார். ஜன்னலால் பார்த்துக்கொண்டிருந்த இரத்தினவேலுக்குக் கதவைத் திறக்க நேரமெடுத்தது.

"கடைக்குள்ளை வைச்சுத் தந்தது அழைப்பே?" என்றார் ஜெயரட்ணம், வாசற்படிக்கு வெளியே நின்றபடி. "வீட்டை வந்து சொல்லுறதெல்லோ முறை. இந்தா, கையிலதான் வைச்சிருக்கிறன். பொக்கற்றுக்குள்ளை ஒண்டுமில்லை, பார்."

அவர் சிரித்தார். அவர் மனைவி சிரிக்கவில்லை. இரத்தினவேலின் இடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

இரத்தினவேல் வலக்கையை நீட்டினார். விலாவை விட்டு அது கொஞ்சங்கொஞ்சமாக வந்தது. அழைப்பிதழை வாங்கி அப்படியே பிடித்துக்கொண்டார். அதே நேரத்தில் அவருடைய இடக்கை வயிற்றைக் குறுக்கே கடந்து போய், வலது இடுப்பில் ஒன்றுமில்லாத அந்த இடத்தை இறுகப் பொத்திக்கொண்டது.