ஆறு கிலோ அமானத்: தோஹாவிலிருந்து கல்முனைக்கு

றபீக் முதலாளி என்னைக் கள்ளச் சிகரட் சுமக்க வைத்தார். கல்முனைப் பசாரில் மொத்தக் கடை வைத்திருக்கும் அதே றபீக் முதலாளிதான். சுற்றிவளைத்துச் சொல்ல எனக்குத் தெரியாது. நான் தையற்காரன். நான்கு வருடமும் இரண்டு மாதமும் தோஹாவில் ஒரு தையற்கடையில் குனிந்தே இருந்துவிட்டு ஊர் திரும்பிய ஒரு நாளை, நடந்தது நடந்தபடி எழுதுகிறேன். வெளிநாட்டிலிருந்து வரப்போகிறவர்கள் கட்டாயம் வாசியுங்கள்.

காலை 5.40. விமானத்தின் சக்கரம் கட்டுநாயக்கவில் தட்டியதும் பின்வரிசையில் யாரோ கைதட்டினார்கள். நானும் தட்டினேன். வெட்கமாக இல்லை. ஜன்னலில் தென்னை மரங்கள், ஈரமான ஓடுபாதை.

என்னோடு ஒரு ஓவர்லொக் மெசின் வந்தது. துணியின் ஓரம் பிரியாமல் கட்டித் தைப்பது. தலைப்பகுதி மட்டும் 27 கிலோ. மனைவி சிபானியா ஒழுங்கை முனையில் கடையறை எடுத்துப் பூச்சும் பூசிவிட்டாள். அந்த மெசின் ஊர் வந்து சேர்ந்தால் நான் கடைக்காரன். சேராவிட்டால் மறுபடியும் இன்னொருவனுக்குக் கூலிக்குத் தைப்பவன். அவ்வளவுதான் கணக்கு.

விமானத்தில் அனுமதி 40 கிலோ. பயணத்துக்கு இரண்டு நாள் முன்பு றபீக் முதலாளி ஊரிலிருந்து தொலைபேசிக்கு ஒரு குரல் பதிவு அனுப்பினார். "தம்பி, ஒரு சின்ன அமானத். பிள்ளைகளுக்குப் பால்மாவும் சொக்லட்டும். மறுக்கப்படாது." அவருடைய ஆள் ஒருவர் தோஹாவில் என் அறைக்குக் கொண்டுவந்து தந்த சின்ன அமானத் ஆறு கிலோ இருந்தது. உம்மாவுக்கு வாங்கிய கம்பளிப் போர்வையை அறையிலேயே விட்டுவிட்டு அதற்கு இடம் செய்தேன். அமானத் என்றால் நம்பி ஒப்படைத்த பொருள். அதைப் பிரித்துப் பார்ப்பது துரோகம் என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். பிரிக்கவில்லை.

6.25. பொதிகள் வரும் இடம். விமானத்தில் பக்கத்தில் இருந்த அக்கரைப்பற்று அண்ணன், எங்கள் பேச்சில் காக்கா, இங்கேயும் பக்கத்தில் வந்து நின்றார்.

"தம்பி, சிவப்புப் பக்கம் போனா மெசினுக்கு ஜனாஸாதான், அடக்கிட்டு வரவேண்டியதுதான். பச்சைக்குள்ள தலையக் குனிஞ்சிட்டு நடங்க."

"பில் இரிக்கி காக்கா. எனக்கென்ன பயம்?"

"பயம் இல்லாதவன்ட சாமானத்தான் முதல்ல புடிப்பான்" என்று சிரித்துக்கொண்டே பச்சை வழியால் போனார்.

நான் சிவப்புக்குப் போனேன். அறிவிக்க வேண்டிய பொருள் இருந்தால் சிவப்பு, இல்லாவிட்டால் பச்சை. விதி இவ்வளவுதான். எவ்வளவு காலம் வெளிநாட்டில் இருந்தீர்கள், அங்கே வேலை செய்தீர்களா என்பதைப் பார்த்துத்தான் தீர்வையில்லாச் சலுகை தருகிறார்கள். தொகை அடிக்கடி மாறுகிறது. பயணச்சீட்டு எடுக்கும்போதே சுங்கத்தின் இணையத்தளத்தைப் பாருங்கள், பக்கத்து இருக்கைக்காரரைக் கேட்காதீர்கள்.

மேசையில் ஒரு பெண் அதிகாரி. சிங்களவர். அம்பாறையில் கொஞ்ச காலம் இருந்தவராம், தமிழ் நன்றாகவே வந்தது. கடவுச்சீட்டு, வேலை ஒப்பந்தம், மெசின் வாங்கிய பில் எல்லாவற்றையும் பார்த்தார். "சரி, மெசின் சலுகைக்குள்ள வருது" என்றார். எனக்கு அங்கேயே ஆடலாம் போல இருந்தது.

பிறகு பேனாவால் பார்சலைத் தட்டினார். "இது?"

"அமானத், மிஸ்."

"அப்படி ஒரு சாமான் எங்கட லிஸ்ட்ல இல்லையே."

"இன்னொராள்ட மிஸ். பால்மாவும் சொக்லட்டும்."

"நீங்க பாத்தீங்களா?"

"பாக்கப்படாது மிஸ்."

என்னை மேலும் கீழும் பார்த்தார். "உங்கட பேர்ல துண்டு ஒட்டியிரிக்கி. அப்ப உங்கடதான்."

வெட்டினார்கள். மேலே இரண்டு பால்மா டின். அடியில் சொக்லட் இல்லை. பத்துக் கார்ட்டன் சிகரட். சிகரட்டுக்குச் சலுகை என்று ஒன்றே கிடையாது, ஒரு பெட்டிக்கும் கிடையாது. இதை நான் விமானத்தில் வாசித்திருந்தேன். எனக்குத்தான் இது என்று நினைக்கவில்லை.

மெசினையும் சேர்த்து மேசையின் அந்தப் பக்கம் இழுத்துவிட்டார்கள். ஒரு மணித்தியாலமும் பத்து நிமிடமும் அது அங்கே நின்றது. நான் இங்கே நின்றேன். மேலதிகாரி வந்தார். முதலாளியின் குரல் பதிவைப் போட்டுக் காட்டினேன். இரண்டு தடவை கேட்டார். கடைசியில் சிகரட்டைப் பறிமுதல் செய்தார்கள், என் பெயரைப் பதிந்தார்கள், பத்துக் கார்ட்டன் சிகரட் பறிமுதல் என்று எழுதிய ஒரு கடதாசி தந்தார்கள். மெசினை என் பக்கம் தள்ளினார்கள்.

"நீங்களா சிவப்புக்கு வந்தபடியாத்தான் இது" என்றார் அந்தப் பெண். "பச்சையில புடிச்சிருந்தா கதை வேற. இனி ஆர்ட பார்சலெண்டாலும் திறந்து பாத்திட்டு எடுங்க."

8.15. வெளியே சிபானியாவும் மச்சான் நௌசாரும் நின்றார்கள். வான் மச்சானுடையது. கல்முனையிலிருந்து வந்து போக வெளியாட்களிடம் அறுபதாயிரம் ரூபா வாங்குவார், எனக்கு டீசல் காசு மட்டும். மெசினை நடு இருக்கையில் வைத்து பெல்ட் போட்டார்.

"மாப்பிள்ளை வசதியா இரிக்கட்டும். நீங்க பின்னால ஏறுங்க மச்சான்."

வான் ஓடத் தொடங்கியதும் சிபானியா பொதிகளை எண்ணினாள். "இஞ்சாருங்க, உம்மாட போர்வை எங்க?"

சொன்னேன். அவள் பொதிகளை இன்னொரு தடவை எண்ணினாள். பிறகு, "நல்ல அமானத்! உம்மாட போர்வைய விட்டுட்டு ஊரான்ட சிகரட்டச் சுமந்திரிக்கீங்க" என்றாள். மச்சான் சிரித்த சிரிப்பில் வான் ஓரமாக நின்றது.

11.20 கண்டி. அதற்குப் பிறகு மலை. மகியங்கனைக்கு இறங்கும் பதினெட்டு வளைவில் மச்சான் ஹோர்ன் அடித்துக்கொண்டே போனார். ஒவ்வொரு வளைவிலும் மெசின் சாய, மூன்று பேரும் கை நீட்டிப் பிடித்தோம். கீழே வெயிலில் கிழக்கு விரிந்து கிடந்தது. கத்த வேண்டும் போல இருந்தது. கத்தினேன்.

1.30 மகியங்கனை. சோற்றுக் கடையில் கை கழுவும்போது தொலைபேசி அடித்தது. முதலாளி. சுகம் கேட்கவில்லை.

"தம்பி, சாமான் சரிதானே?"

"சுங்கத்துல எடுத்துட்டாங்க. உள்ளுக்குச் சிகரட் இரிந்திச்சி."

"சிகரட்டா? நான் பால்மாதானே சொன்னன். பார்சலப் பிரிச்சது ஆரு?"

"அவங்க."

"அமானத்தப் பிரிக்க விட்டுட்டு நிண்டயா?"

வைத்துவிட்டார்.

4.10 அம்பாறை. சம்மாந்துறையில் இரு பக்கமும் முற்றிய நெல். காரைதீவுச் சந்தியில் உப்புக் காற்று முகத்தில் அடித்தது. சாய்ந்தமருது தாண்டி 5.15க்கு எங்கள் ஒழுங்கை. மீட்டரில் 327 கிலோமீட்டர். ஒழுங்கையே வந்து மெசினைத் தூக்கியது. ஒருவர் கையில், இருவர் கையில் என்று கடையறைக்குப் போய் மேசையில் உட்கார்ந்தது. நான் நூல் கோத்து ஒரு துண்டுத் துணியை ஓட்டினேன். தோஹாவில் ஆயிரம் தடவை கேட்ட சத்தம். இங்கே எல்லோரும் கூவினார்கள்.

அந்தக் கூச்சலுக்குள் சாச்சா, என் சித்தப்பா, காதில் சொன்னார்: "மகன், பசாருல ஒரு கதை ஓடுது. றபீக்குட அமானத்த நீ வித்துத் திண்டுட்டயாம்."

எங்கள் வானை விட வேகமாக வந்திருக்கிறது அந்தக் கதை.

தோஹாவில் நான் யாருடைய மகன் என்று யாருக்கும் தெரியாது. துணிக்கு ஒரு இலக்கம், எனக்கு ஒரு இலக்கம். இங்கே இலக்கம் இல்லை. கலியாணத் துணியைக் கொண்டுவந்து தருகிறவர்கள், மிச்சத் துண்டைத் திருப்பித் தருவான் என்ற நம்பிக்கையில்தான் தருகிறார்கள். அமானத்தைத் தின்றவனிடம் யார் துணி கொடுப்பார்கள்? சுங்கத்தில் தப்பிய மெசினை இந்த ஒரு பொய் ஊருக்குள்ளேயே நிறுத்திவிடும்.

சுங்கம் தந்த கடதாசியைக் கடைக் கதவில் ஒட்டியிருக்கிறேன். றபீக் முதலாளி, உங்கள் குரல் பதிவும் என் தொலைபேசியில் இருக்கிறது. வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து சனம் வெளியே வரும் நேரம் என் கடை வாசலுக்கு வாருங்கள். ஆள் அனுப்ப வேண்டாம், நீங்களே வாருங்கள். கதவில் உள்ளதை வாசித்துவிட்டு, எல்லோருக்கும் கேட்கச் சொல்லுங்கள்: அந்தச் சிகரட் யாருடையது?