படித்துக் காட்டிய பிறகே அச்சுக்கு

செஞ்சியிலிருந்து டாக்டர் தனகோட்டியின் கம்பவுண்டர் பேசியபோது நான் திண்டிவனத்தில் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "ஐயா போயிட்டாருங்க" என்றார். சில நாட்களாகவே நினைவில்லாமல் படுத்திருந்தவர்தான். ஆனாலும் நான் கேட்ட முதல் கேள்வி, "மூக்குல டியூப் போட்டாங்களா?" என்பது. "அத அம்மாகிட்ட கேட்டுக்கங்க சார்" என்று சொல்லி வைத்துவிட்டார். சாவுச் செய்தி சொன்னவரிடம் கேட்கிற கேள்வியா அது? அன்று முழுக்க எனக்குக் கூச்சமாக இருந்தது.

தனகோட்டி அவர்களை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மயக்க மருந்து நிபுணர். கோட்டைக்குப் போகிற சாலையில் கிளினிக் வைத்திருந்தார். எங்கள் மருத்துவர் சங்கம் நடத்தும் இந்தக் காலாண்டு ஆங்கில இதழுக்கு நெடுங்காலம் ஆசிரியர். கட்டுரை கேட்டுப் போன் செய்தால் கிடைக்கிற வரை விடமாட்டார். கமா இடம் மாறினால் தூக்கம் வராது அவருக்கு. "நம்ம பத்திரிகைய படிக்கிறது எழுதினவரு, நானு, அச்சாபீஸ்காரரு. மூணே பேரு" என்று சொல்லிச் சிரிப்பார். நாங்களும் சிரிப்போம். அந்தச் சிரிப்புத்தான் பிறகு எங்களுக்கு வினையாக வந்தது.

மேல்சித்தாமூர்ப் பக்கத்துச் சமணப் பெரியவர் ஒருவர் தொண்டைப் புற்றுநோய் முற்றி என்னிடம் வந்தார். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, வியாபாரி. இனி உணவு வேண்டாம், மூக்கில் குழாயும் வேண்டாம் என்று விரதம் எடுத்துக்கொண்டார். உயிரை அமைதியாக விடுவதற்காக அவர்கள் மரபில் உள்ள விரதம் அது, சல்லேகனை என்பார்கள். குழாய் போட்டே ஆகவேண்டும் என்று நான் வற்புறுத்தினேன். மகன் தரணேந்திரன் கையெழுத்துப் போட்டுத் தந்தையை வீட்டுக்கு அழைத்துப் போனார். அங்கே அவர் காலமானார். என் பேச்சு எடுபடாத கோபம் ஆறுவதற்குள் கட்டுரை எழுதி அனுப்பிவிட்டேன். அதில் ஒரு வரி: குடும்பத்தார் உணவு தர மறுத்தனர்.

தனகோட்டி அதை இரண்டு மூத்த மருத்துவர்களுக்கு அனுப்பிக் கருத்துக் கேட்டார். ஒருவர் சட்டத்தை இன்னும் விளக்கச் சொன்னார். இன்னொருவர் துணிச்சலான கட்டுரை என்று பாராட்டினார். அந்த வீட்டில் போய் ஒரு வார்த்தை கேட்கவேண்டும் என்று நால்வரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. பெயரையும் ஊரையும் எடுத்துவிட்டோம், அத்தோடு கடமை முடிந்தது என்று இருந்துவிட்டோம். சமணர், தொண்டைப் புற்றுநோய், மல்லாட்டை வியாபாரம் என்று மூன்றையும் போட்ட பிறகு செஞ்சி வட்டாரத்தில் ஆளைக் கண்டுபிடிக்கப் பெயர் எதற்கு?

யாரோ அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து, தமிழில் சாரமும் எழுதி வாட்ஸ்அப்பில் விட்டுவிட்டார்கள். கடைவீதியில் தரணேந்திரனைப் பார்த்து ஆட்கள் குசுகுசுத்தார்கள். விசாரிக்கப் போலீஸ்காரர் ஒருவர் வீட்டு வாசலில் வந்து நின்றார். அது தெரிந்த அன்றே தனகோட்டி என்னைக் காரில் ஏற்றிக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனார்.

தரணேந்திரன் சத்தம் போடவில்லை. "தெனம் பொழுது சாயறதுக்குள்ள கஞ்சி வச்சிக்கினு பக்கத்துல உக்காந்திருப்பேன். அவரு கையெடுத்துக் கும்பிட்டு வாணாம்னுவாரு. எங்க நைனாவுக்கு நான் சோறு போடலன்னு எழுதிட்டீங்களே" என்றார். ஆளைத்தான் அடையாளம் காட்டவில்லையே என்று வாதாட வழியில் யோசித்து வைத்திருந்ததெல்லாம் அபத்தமாகப் பட்டது. தனகோட்டி கைகூப்பினார். "எழுதுனவர வுடுங்க. அச்சுல போட்டவன் நானு. நடந்தத நீங்க சொல்லுங்க, அப்டியே போடறேன்" என்றார்.

போடவும் செய்தார். அந்த ஆங்கில இதழில் முதல்முறையாகத் தமிழில், மகன் சொன்னது சொன்னபடி முதல் பக்கத்தில் வந்தது. விரதம் தற்கொலைதான் என்று ஒரு மருத்துவர் எழுதியதும், வேண்டாம் என்பவருக்குக் குழாய் சொருகுவது வன்முறை என்று மற்றொருவர் எழுதியதும் அதற்குப் பின்னால்தான். வருத்தம் தெரிவிக்கும் குறிப்பை என்னைத்தான் எழுதச் சொன்னார். வக்கீலைக் கேட்டுச் சொல்கிறேன் என்று நாளைக் கடத்தினேன். கடைசியில் அவரே எழுதி, என் பெயரே வராமல் முழுப் பழியையும் தாம் ஏற்றுக்கொண்டார். அந்தக் குறிப்பைப் படித்தபோது நிம்மதியாக இருந்தது எனக்கு. அதை நினைத்தால் இன்றும் உடம்பு கூசுகிறது.

அதன்பிறகு ஒரு விதி வைத்தார். நோயாளியின் கடைசி நாட்களைப் பற்றி யார் எழுதினாலும், வீட்டாருக்குத் தமிழில் படித்துக் காட்டிய பிறகே அச்சுக்குப் போகும். இது மருத்துவ இதழா, பஞ்சாயத்தா என்று சங்கக் கூட்டத்தில் கேட்டார்கள். பலர் கட்டுரை அனுப்புவதை நிறுத்திவிட்டார்கள், இதழ் மெலிந்தது. "மெலிஞ்சா மெலியட்டும். வாய் பேச முடியாதவங்கள பத்தி எழுதறோம். அவங்க வீட்டுக்கு வாய் இருக்குது இல்ல?" என்றார்.

அந்த விதிப்படி இந்த அஞ்சலியைத் தமிழிலேயே எழுதி, தரணேந்திரனிடம் படித்துக் காட்டினேன். அவர் பெயரை நான் எழுதாமல் விட்டிருந்தேன். "பேரப் போடுங்க சார். மறைச்சு எழுதினதாலதான் அவ்ளோ பேச்சு" என்றார். போட்டுவிட்டேன்.

பிறகு தனகோட்டி அவர்களின் துணைவியார் சரோஜா அம்மாவிடம் போனேன். தனகோட்டியின் கடைசி நாட்களைப் பற்றி, அங்கே இங்கே விசாரித்து ஒரு பக்கம் எழுதி வைத்திருந்தேன். மறுபடியும் வீட்டாரைக் கேட்காமலேதான். அம்மா முழுவதையும் பொறுமையாகக் கேட்டார்கள். "நல்லா எழுதியிருக்கீங்க. ஆனா அந்தப் பக்கம் எங்க வூட்டு விஷயம். எடுத்துடுங்க" என்றார்கள். தாளை அவர்கள் கையிலேயே கொடுத்துவிட்டு வந்தேன்.

அதனால் கம்பவுண்டரிடம் டியூப் பற்றி நான் கேட்ட கேள்விக்கு இங்கே பதில் இருக்காது. போய் வாருங்கள் சார். இந்த ஒருமுறை கேட்டுவிட்டுத்தான் அச்சுக்குக் கொடுக்கிறேன்.