பெரிய எண்ணைக் கேட்டவர்

என் வீட்டுக்காரருக்கு மனிதர்களைவிடக் கம்ப்யூட்டர்மேல் நம்பிக்கை அதிகம். ரத்தப் பரிசோதனை நிலையம் ஒன்றில் வேலை. "உங்கள் கடைசிச் சர்க்கரை அளவு இவ்வளவு" என்று வீட்டுக்கு மெசேஜ் போகிறதே, அது அவர் செய்த ஏற்பாடுதான். அந்தப் பெருமையைக் கேட்காமல் எங்கள் வீட்டிலிருந்து தப்பித்த விருந்தாளி கிடையாது.

எங்களோடு இருக்கும் என் அப்பாவுக்கு ஒவ்வொரு முறையும் மெசேஜில் இருநூற்று எண்பதே வந்தது. மெசேஜ் இருக்கும்போது ரிப்போர்ட் எதற்கு என்று என் வீட்டுக்காரர் அதை வாங்கிவந்ததே இல்லை. வாயைக் கட்டினார், நடையாய் நடந்தார், சட்டை தொளதொளவென்று ஆனது. எண் மட்டும் அசையவில்லை.

"மாமா, மெஷின் பொய் சொல்லாது. எங்களுக்குத் தெரியாம என்ன சாப்பிடுறீங்க?" என்று பிள்ளைகள் முன்னாலேயே கேட்டார் இவர்.

"சத்தியமா ஒண்ணுமில்ல மாப்பிள்ளை."

நான் மட்டும் சளைத்தவளா? சமையலறை அலமாரியைப் பூட்டிச் சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டேன். பெற்ற மகள்!

போன வாரம் ஒரு டாக்டர் நிலையத்துக்கு போன் செய்து, தன் நோயாளி ஒருவருக்கு ரிப்போர்ட்டில் ஒரு எண், மெசேஜில் வேறு எண்ணா என்று கத்தியிருக்கிறார். இவர் மெசேஜுக்கான எண்ணை எடுத்துத் தரச் சொல்லி டேட்டாபேஸில் தான் எழுதிவைத்த க்வெரியைத் திறந்து பார்த்தார். அதில் மேக்ஸ் என்றொரு ஃபங்ஷன். இருப்பதில் எது பெரியதோ அதை எடுத்துத் தரும். மிகப் பெரிய தேதியைக் கேட்டு, அன்றைய அளவை எடுத்திருக்க வேண்டும். மனிதர் மிகப் பெரிய அளவையே கேட்டுவைத்திருக்கிறார். அப்பாவின் முதல் பரிசோதனையில் வந்த எண்தான் திரும்பத் திரும்ப வந்திருக்கிறது. எழுதி முடித்துச் சரிபார்த்தபோது ஏன் தெரியவில்லை? சரிபார்த்தது தன்னுடைய அளவுகளை வைத்து. இவருக்குச் சர்க்கரை ஏறிக்கொண்டேதான் போகிறது. கடைசியும் பெரியதும் ஒன்றாகவே இருந்தன.

அப்பாவின் உண்மையான அளவு நூற்றுப் பத்து.

வீட்டுக்கு வந்தவர் நேராக அப்பாவின் அறை வாசலில் போய் நின்றார். முகத்தில் ஈயாடவில்லை. எனக்கும் அவமானமாக இருந்தது. அவர் முதுகுக்குப் பின்னாலேயே நின்றேன்.

"மாமா, உங்க சர்க்கரை எப்பவோ இறங்கிடுச்சு. நான் எழுதினதுதான் தப்பு. உங்களை வேற வாய்க்கு வந்தபடி பேசிட்டேன்."

அப்பா திட்டுவார் என்று காத்திருந்தோம். திட்டியிருந்தால் தேவலை.

"அப்படியா?" என்றார் நிம்மதியாக. "நீங்க ரெண்டு பேரும் பொய் சொல்ல மாட்டீங்களே. நான்தான் தூக்கத்துல எழுந்துபோய் எதையாவது எடுத்துத் தின்னுடுறேனோன்னு பயந்துட்டேன் மாப்பிள்ளை. துண்டால காலைக் கட்டிலோட கட்டிக்கிட்டுத்தான் படுக்குறேன். இனிமே வேண்டாம் இல்ல?"

எங்கள் இருவராலும் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.