வெயிலுன்னா வேலுவைக் கூப்பிடுற கார்

இன்னிக்கு கூடுவாஞ்சேரியில செகண்ட் ஹேண்ட் கார் ஒண்ணு பாக்கப் போனோம்.

என் மனைவி கலாவோட அண்ணன் வேலு, தன் பழைய வண்டியை எங்க தலையில கட்டப் பாக்குறாரு. அதனால அவருகிட்ட திருக்கழுக்குன்றம் கோயிலுக்குப் போறோம்னு சொல்லிட்டுக் கிளம்பினோம்.

வண்டிக்குள்ள டிவி மாதிரி டச் ஸ்க்ரீன். பாட்டு கேட்டுப் பாக்க என் போனை கனெக்ட் பண்ணேன். கலா ஏசியைத் தேடி ஸ்க்ரீன்ல எங்கெங்கயோ தொட்டா. மைக் படத்துலயும் விரல் பட்டுடுச்சு.

"அப்பப்பா, இன்னா வெயிலு!"ன்னா.

வண்டி பதவிசா, "வேலுவை அழைக்கிறேன்"னுச்சு.

கட் பண்ற பட்டனை நான் தேடுறதுக்குள்ள எல்லா ஸ்பீக்கர்லயும் வேலு குரல்: "இன்னா மச்சான், மலை ஏறிட்டீங்களா?"

வெளிய நின்ன புரோக்கர் ஜன்னல்ல குனிஞ்சு, "சார், வண்டி புடிச்சிருக்கா?"ன்னாரு.



அப்புறம் வேலு கேட்டாரு: "ஸ்க்ரீன் எவ்ளோ பெருசு?"

எடத்தைக் கேட்டுக்கினு நேர்லயே வந்துட்டாரு. முன் சீட்ல ஒக்காந்து ஸ்க்ரீனை நோண்டிக்கினே, "இதையே எடு மச்சான்"னாரு. எடுத்துட்டோம்.

இனிமே வூட்டு ரகசியமெல்லாம் பைக்லதான். உங்க வண்டி யாரைப் போட்டுக் குடுத்துச்சு?