பனைக்குக் காவல் நின்ற பீரங்கிகள்

தபால் தலை வரைகிறவர்களுக்கு மூலையில் கொஞ்சம் இடம் மிச்சமிருந்தால் கை சும்மா இராது. ஒரு வாள், ஒரு முரசு, இரண்டு பீரங்கி என்று நிரப்பிவிடுவார்கள். கடிதாசி என்னவோ மாமியார் செத்த சேதியைத்தான் சுமந்து போகும். இந்த அசட்டுத்தனத்துக்காகவே நான் ஸ்டாம்பு சேர்த்தேன். பாளையங்கோட்டை மிஷன் பள்ளி வாத்தியார் ஒருவர் தமக்கு வரும் கடிதங்களிலிருந்து கிழித்துத் தருவார். அவற்றில் என் செல்லம் மேற்கிந்தியத் தீவு ஒன்றின் ஸ்டாம்பு: நடுவே ஒரு பனை, அதன் உச்சியில் ஒரு குல்லா, சுற்றிலும் பீரங்கியும் கொடியும் துப்பாக்கியும்.

அப்போது ஏரல் பக்கத்தில் ஒரு பண்ணையாரிடம் கடிதம் எழுதும் வேலையில் இருந்தேன். ஜெர்மனி யுத்தம் நடந்துகொண்டிருந்தது. பண்ணையாருக்கு வெள்ளைக்காரச் சர்க்கார் தரும் ராவ் சாகிப் பட்டத்தின்மேல் அப்படியொரு ஆசை. சோறுகூடச் சரியாக இறங்காது. யுத்த நிதி திரட்ட ஒரு துரை வருகிறார் என்றதும் என்னைக் கூப்பிட்டார்.

"வே, வாசல்ல ராணுவக் களையா ஒரு வளைவு போடணும். பட்டம் கிடைக்கலன்னா உமக்கு இங்கன வேலை கிடையாது, பாத்துக்கிடும்."

நான் அந்த ஸ்டாம்பைப் படம் எழுதுகிறவனிடம் கொடுத்து, துணியில் பெரிதாக எழுதச் சொன்னேன். துரை வருகிற அன்று காலையில்தான் கொண்டுவந்து கட்டினான். பனை இருந்தது, பீரங்கி இருந்தது. குல்லா இருந்த இடத்தில் நுரை வழியும் கள்ளுக் கலயம் தொங்கியது. அவனைப் பிடித்து நிறுத்தினேன்.

"ஏலே, என்னலே இது?"

"பனையில குல்லாவா தொங்கும் அண்ணாச்சி? கலயம்லா தொங்கும்! இம்புட்டு பீரங்கி காவல் நிக்குன்னா, வெறும் மரத்துக்கா நிக்கும்?"

கள்ளுக்கடை ஏலத்தில் சர்க்கார் பணம் அள்ளுகிற அள்ளலுக்கு அவன் எழுதியதில் தப்பே இல்லை. ஆனால் அவிழ்க்க நேரமில்லை. துரையின் வண்டி வந்துவிட்டது. இறங்கியவர் அண்ணாந்து பார்த்தார். பண்ணையாரோ வளைவைப் பார்க்காமலே, மூக்கு தரையில் முட்டுமளவு குனிந்து கும்பிட்டுக்கொண்டிருந்தார்.

"இது யாருடைய யோசனை?" துரை தமிழிலேயே கேட்டார்.

"எல்லாம் அடியேன் யோசனைதான், எசமான்!"

சர்க்கார் பட்டாளமே கள்ளுக்குக் காவல் என்று கேலி செய்வதாக எடுத்துக்கொண்ட துரையின் முகம் சிவந்தது. மாலையைக்கூட வாங்காமல் வண்டியேறிவிட்டார். அதற்குப் பிறகுதான் பண்ணையார் நிமிர்ந்து பார்த்தார்.

மறுநாள் மூட்டையைக் கட்டிக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றேன். பயமாகத்தான் இருந்தது. அவர் மனசுக்குள் கணக்குப் போட்டார். என்னை விரட்டினால் யோசனை என்னுடையது என்று ஊருக்குத் தெரிந்துவிடும். துரையிடம் பொய் சொன்னவருக்கு எந்தக் காலத்திலும் பட்டம் கிடையாது.

"அடுத்த வருசப் பட்டத்துக்கு மனு எழுதும் வே" என்றார்.